மடிப்புக்குள்ளே என்ன?

(வானொலி இலக்கியத் தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே சூப்பைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஒரு பொருள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குள் எப்படி வந்து சேருகிறது, வரும்போது எதைக் கொண்டுவருகிறது, எதைத் தொலைத்துவிடுகிறது என்று கவனிப்பது இலக்கியக்காரரின் வேலைதான். ஆகவே இன்றைக்கு வொன்ரன் சூப்பைப் பற்றியே பேசுகிறேன்.

வொன்ரன் என்பது சீனரின் பலகாரம். கோதுமை மாவைத் தாள்போல மெல்லியதாகத் தட்டி, சதுரமாக வெட்டி, நடுவில் அரைத்த இறைச்சியோ இறாலோ வைத்து மடித்து, கொதிக்கும் சாற்றில் இட்டு எடுப்பார்கள். இதற்குச் சீனத்திலே பல பெயர்கள் உண்டு. தெற்கே கன்ரனியர் எழுதும் எழுத்துகளுக்கு 'முகிலை விழுங்குதல்' என்று பொருள். சாற்றில் மிதக்கும் வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். சிச்சுவான் மாகாணத்தார் அதையே 'கைகட்டி நிற்பது' என்கிறார்கள். இரண்டு முனைகளையும் குறுக்கே மடித்து ஒட்டுவதால் வந்த பெயர் அது. வடக்கே 'ஹுன்துன்' என்பார்கள். ஆதியிலே இருந்த உருவமற்ற குழப்பநிலையைக் குறிக்கும் சீனச் சொல்லும் ஏறக்குறைய இதே ஓசையுடையது.

அந்தக் குழப்பத்தைப் பற்றி சுவாங் ட்சு என்ற பழைய சீன ஞானியின் நூலிலே ஒரு கதை வருகிறது. ஹுன்துன் என்ற அரசனுக்குக் கண், காது, மூக்கு, வாய் ஒன்றுமே இல்லை. அவனிடம் விருந்துண்ட இரண்டு நண்பர்கள், நன்றிக்கடனாக நாளுக்கு ஒரு துளையாக அவன் முகத்திலே துளையிட்டார்கள். ஏழாம் நாள் அவன் இறந்துபோனான். மூடியிருந்தால்தான் சிலவற்றுக்கு உயிர் என்பது கதையின் கருத்து. சூப்புக் கோப்பையிலும் அது உண்மைதான். மடிப்பு விரிந்தால் வொன்ரன் இல்லை, வெறும் மாக்கஞ்சிதான்.

இந்தப் பலகாரம் இப்போது திருகோணமலைக்கும் வந்துவிட்டது. பலசரக்குக் கடையொன்றின் உறைகுளிர்ப் பெட்டியிலே, கோழிக்கும் மீனுக்கும் நடுவே ஒரு பக்கற் கிடந்தது. வாங்கிவந்தேன். உள்ளே கூழாங்கல்லைப்போல இறுகிய பன்னிரண்டு துண்டுகளும் சூப்புத்தூள் உறையொன்றும். உருகவிடாமல் அப்படியே கொதிநீரில் போட வேண்டும். உருகினால் தோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிறிது நேரத்தில் துண்டுகள் மேலே மிதந்துவந்தன. தோல் கண்ணாடிபோல மினுங்கியது. தூளிலே உப்புத்தான் அதிகம். கொஞ்சம் மிளகும் தேசிக்காய்ப் புளியும் விட்டபிறகு நாக்குக்கு இணங்கியது.

ஒன்றைக் கடித்துப் பார்த்த மாமி சொன்னார்: "தம்பி, இது கொழுக்கட்டையை இரசத்துக்குள்ள போட்ட மாதிரியெல்லோ கிடக்கு?" சரியான திறனாய்வு அது. அடுத்ததாக ஒரு கேள்வியும் கேட்டார்: "உள்ளுக்கு என்ன வைச்சிருக்கிறாங்கள்?"

பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சீன எழுத்து இருந்தது. பொடி எழுத்தில் ஆங்கிலம் இருந்தது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

மாமியின் கேள்வி சின்னக் கேள்வி அல்ல. சீனரின் வழமையான வொன்ரனிலே பன்றியிறைச்சியும் இறாலும் சேரும். சாற்றிலும் பன்றி எலும்பு அவிவதுண்டு. நமது துறைமுக நகரிலோ தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலயலாக வாழ்கிறார்கள். ஒருவருக்குப் பன்றி ஆகாது, இன்னொருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், வேறொருவர் வெள்ளிக்கிழமை மச்சம் சேர்க்கமாட்டார். மூடிய பண்டத்தை உண்பதற்கு நம்பிக்கை வேண்டும். கொழுக்கட்டையும் மூடிய பண்டந்தான். ஆடிப்பிறப்பன்று அதற்குள் பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் இருப்பதை யாரும் கேட்டறிவதில்லை. பிள்ளைக்குப் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிறோம். அதைப் பிடித்த கை நமக்குத் தெரிந்த கை. உறைந்த பக்கற்றிலே கை மறைந்துவிட்டது. கைக்குப் பதிலாக அங்கே இருக்கக்கூடியது எழுத்து மட்டுமே. அந்த எழுத்தும் நமக்கு விளங்காவிட்டால் எதை நம்பி உண்பது?

உணவைக் குற்றஞ்சொல்ல நான் வரவில்லை. உறையவைத்து விற்கும் தொழிலே பிறரிடம் கற்றதுதான். கனடாவின் லாப்ரடோர் பகுதியிலே, கடுங்குளிரில் சட்டென உறைந்த மீன் சுவை கெடாதிருப்பதை அங்குள்ள இனுயிற் மக்களிடம் கண்டறிந்தவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். மெதுவாக உறைந்தால் பனித்துகள் பெரிதாகிச் சதையைக் கிழிக்கும். விரைந்து உறைந்தால் துகள் சிறிது, சுவை நிற்கும். 1930இல் அப்படி உறைந்த உணவுகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. ஆனால் இதற்கு மின்சாரம் அறாமல் இருக்க வேண்டும். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. உருகி மறுபடி உறைந்த பண்டம் வெளியே பார்த்தால் பழையபடியே இருக்கும்.

கோதுமை மாவும் நமது மண்ணில் விளைந்ததல்ல. முந்தி அதை 'அமெரிக்கன் மா' என்றோம். பிறகு சிங்கப்பூர்க்காரரின் பிறிமா மாவாலை நமது துறைமுகக் கரையிலேயே எழுந்தது. கப்பலில் வரும் கோதுமை அங்கே மாவாகி நாடெங்கும் போகிறது. அந்த ஆலை இருக்கும் இடத்தின் பெயரோ சீனக்குடா! பாணும் பராட்டாவும் ரோல்ஸும் அந்த மாவிலேதான். அரிசிமாவுக்கு இல்லாத இழுவை கோதுமைக்கு உண்டு. ஆகையால்தான் வொன்ரன் தோல் தாள்போல மெலிகிறது. பிறர் பொருளை நமதாக்கிக்கொள்ளும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

ஆனால் வருகிறவர் எப்படி வரவேண்டும் என்பதற்கு ஒரு சாட்சி இந்த நாட்டிலேயே இருக்கிறது. 1911இல் காலி நகரிலே ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. சீனத் தளபதி செங் ஹோவின் கல்வெட்டு அது. பொறித்த ஆண்டு 1409. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதிலே மூன்று மொழிகள். சீனத்திலே புத்தருக்குக் காணிக்கை, தமிழிலே தென்னாவரநாயனாருக்குக் காணிக்கை, பாரசீகத்திலே அல்லாஹ்வுக்குக் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கொடுத்த பொருள்களின் பட்டியலும் உண்டு. என்ன கொண்டுவந்தோம் என்பதை இங்குள்ளவர் வாசிக்கக்கூடிய எழுத்திலே சொல்லியிருக்கிறார்கள். அது வெறும் அன்பினால் மட்டும் என்று சொல்லமாட்டேன். அதே தளபதி 1411இல் இந்நாட்டு ஆட்சியாளன் ஒருவனைச் சிறைப்பிடித்துக்கொண்டு போனதும் சரித்திரம். படைபலம் உள்ளவனுக்கும் தமிழிலே சொல்லவேண்டிய தேவை அன்றைக்கு இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பிலே எழுதப்பட்டது. ஒரு மொழியின் தகுதி சட்டப் புத்தகத்தோடு முடிந்துவிடுவதில்லை. அடுப்படியிலே நிற்கும் ஒரு கிழவி, தன் பேரப்பிள்ளைக்கு ஊட்டப்போகும் உணவுக்குள் என்ன இருக்கிறதென்று தானே வாசித்தறிய முடிகிறதா என்பதிலும் இருக்கிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கருங்கல்லிலே செதுக்க முடிந்ததை, இன்றைக்கு ஒரு பக்கற்றிலே அச்சடிக்க முடியாதா? முகிலை விழுங்க நாங்கள் ஆயத்தம். அதற்குள்ளே என்ன இருக்கிறதென்று எங்கள் மொழியிலும் சொல்லுங்கள்.