பொருள் அறியாப் பாட்டு

கொழும்பு மாநகரின் தென்பகுதியில், வெள்ளவத்தையை அடுத்துப் பாமன்கடை என்றொரு பகுதி உண்டு. பெயரை முதன்முறை கேட்கும் தமிழர், பாமன் என்பார் ஒருவர் அங்கே முன்னாளிற் கடை வைத்திருந்தார் போலும் என எண்ணுவர். அப்பெயரின் பிற்பகுதியில் உள்ளதோ 'மங்கட' என்னும் சிங்களச் சொல். நீர்நிலையில் மக்கள் இறங்கும் துறையை அது குறிக்கும். ஒரு மொழியின் துறை, மற்றொரு மொழியின் செவியிலே கடையாக மாறிவிட்டது!

நேயர்களே, இத்தகைய மயக்கம் ஊர்ப்பெயர்களோடு நிற்பதன்று. மக்கள் விரும்பிப் பாடும் பாட்டுக்களிலும் அது நேர்கிறது. பாட்டிலே நேரும்போது அதனை எவரும் எளிதில் உணர்வதில்லை. தாளம் காலை ஆட்டுவிக்கிறது; மெட்டு வாயிற் புகுந்துகொள்கிறது; பொருளைப் பற்றிய கேள்வி பின்தங்கிவிடுகிறது.

1970களில் இலங்கைத் தமிழரிடையே பொப்பிசை எனப்பட்ட துள்ளிசை பெரிதும் பரவியது. மேலைநாட்டுக் கிற்றாரும், சிங்கள மக்களிடையே வழங்கிய பைலாத் தாளமும், இந்நாட்டுப் பேச்சுத்தமிழும் ஒன்றுகூடிப் பெற்ற பிள்ளை அது. பைலா என்னும் பெயரே, ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி', நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே' ஆகியன அக்காலத்தில் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தன. 'சுராங்கனி' கடல் கடந்தும் சென்றது. 1977ஆம் ஆண்டில் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழ்த் திரைப்படத்தில், இளையராஜாவின் இசையமைப்பிலே அப்பாட்டு மீண்டும் ஒலித்தது. தமிழகத்துத் திருமண வீடுகளிலும் கல்லூரி விழாக்களிலும் இளைஞர் அதனைப் பாடி மகிழ்ந்தனர். ஆயின், பாடியவருள் எத்தனை பேர் அதன் சொற்களை அறிந்து பாடினர்?

சுராங்கனி என்பது சிங்களப் பெண்களிடையே வழங்கும் பெயர். தேவமாது எனப் பொருள்படும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது. இத்துணை உயர்ந்த பெயரைத் தாங்கியவளுக்குப் பாட்டிலே கிடைப்பது யாது? பொன்னும் அன்று, பூவும் அன்று, மீன்! பாட்டில் வரும் 'மாலு' என்பது மீனைக் குறிக்கும் சிங்களச் சொல். கறியையும் அச்சொல்லாற் குறிப்பதுண்டு. தமிழகத்தார் பலர் அதனை ஒரு பெண்ணின் செல்லப்பெயர் என்றோ, தாளத்துக்காக இட்ட வெற்றொலி என்றோ கருதுவதில் வியப்பில்லை. பாமன்கடையில் வாழும் தமிழ்ப்பிள்ளைக்கோ அங்கே ஐயமே எழாது. பேக்கரியில் மாலை வேளையில் 'மாலு பாண்' வாங்கி உண்ட வாய் அல்லவா அது? மாலு சிங்களம், பாண் போர்த்துக்கேயம், வாங்கி உண்பவர் தமிழர்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. மீனைக் கொண்டுவந்தவர் யார்? தமிழிலே 'கொண்டுவந்தேன்' என்றால் தன்மை. 'கொண்டுவந்தாள்' என்றால் படர்க்கைப் பெண்பால். விகுதியே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். பேச்சுச் சிங்களத்திலோ, 'கெனாவா' என்ற ஒரே வினை எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொதுவாக நிற்கும். ஆளைச் சூழ்நிலையே காட்ட வேண்டும். தெருவிலே மீன்காரன் கூவும்போது, கொண்டுவந்தவன் யாரென்று எவரும் இலக்கணம் கேட்பதில்லை. அந்தத் தெருவைக் காணாதவர்க்குத்தான் விளக்கம் வேண்டியிருக்கிறது. சொல்லின் பொருளில் ஒரு பாதி அகராதியில் உளது. மறுபாதி தெருவில் உளது.

வேற்றுமொழிச் சொல்லால் மட்டுமே மயக்கம் வரும் என்று எண்ணுதலும் பொருந்தாது. 'சின்ன மாமியே' என்பதில் உள்ள இரண்டும் தூய தமிழ்ச் சொற்கள். ஆயினும், தமிழகத்தார் பலருக்கு மாமி என்றவுடன் அக்கிரகாரத்து அம்மையார் நினைவுக்கு வருவார். இலங்கைத் தமிழர்க்கோ மாமி என்பவர் தந்தையின் உடன்பிறந்தாள், அல்லது தாய்மாமனின் மனைவி. தமிழகத்தார் அத்தை என்று அழைக்கும் உறவு அது. மாமியின் மகள் மச்சாள், மணமுறை உடையவள். ஆகவே அப்பாட்டில் ஓர் இளைஞன் மாமியிடம் அவள் மகளைப் பற்றி வினவும்போது, அது வெறும் விசாரிப்பன்று. உரிமையும் குறும்பும் கலந்த வினா. இவ்வுறவுமுறையை அறியாதவர்க்கு நகைச்சுவையில் முக்காற் பங்கு நட்டம்.

இவ்வகைப் புதிர் தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ரொக் இசையிலே புகழ்பெற்ற ஒரு புதிர் உண்டு. ஸ்டீவ் மில்லர் குழுவினர் 1973இல் வெளியிட்ட 'தி ஜோக்கர்' என்னும் பாட்டில் 'பொம்பட்டஸ்' என்றொரு சொல் வருகிறது. கேட்டவர் அகராதிகளைப் புரட்டினர், ஓரிடத்தும் காணவில்லை. 1996இல் ஒரு திரைப்படம் அச்சொல்லைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. அப்படத்தில் நடித்த ஜோன் கிரையர் என்பார் அதன் மூலத்தைத் தேடலானார். தேடல், வேர்னன் கிரீன் என்னும் பாடகரிடம் கொண்டுபோய்விட்டது. கிரீன் 1954இல் வெளியிட்ட ஒரு காதற்பாட்டிலே, காகிதப் பொம்மைபோன்ற கற்பனைக் காதலியைக் குறிக்கத் தாமே ஒரு சொல்லைப் படைத்திருந்தார். அதுவே பின்வந்தவர் செவியில் வேறாக விழுந்து, 'பொம்பட்டஸ்' ஆயிற்று. நெடுங்காலப் புதிர், ஒருவரிடம் சென்று கேட்டதும் தீர்ந்தது. கிரீன் 2000ஆம் ஆண்டிற் காலமானார். கேள்வி இன்னும் சில ஆண்டு தாழ்ந்திருப்பின், விடை அவரோடு போயிருக்கும்.

கேட்பதற்கு ஆளே இல்லாது போனால் என்ன நேரும் என்பதை அறிய அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில், ஆபிரிக்காவிலிருந்து ஐரோப்பியரால் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். 'மஞ்ஞா' எனப்படும் பாட்டை இன்றும் அவர்கள் கைதட்டியும் கொட்டு முழக்கியும் பாடுகின்றனர். அப்பாட்டுக்களின் மொழி, அவர்தம் முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழி. இன்று அவர்களின் வீட்டுமொழி சிங்களம். பாட்டு நாவிலே நிற்கிறது. சொற்களின் பொருளோ பெரும்பாலும் மறைந்துவிட்டது. பைலாவை இந்நாட்டிற்கு ஈந்த மரபுகளுள் ஒன்றின் நிலை இதுவாயின், அதன் வழிவந்த தமிழ்ப் பொப்பிசைக்கும் அதே நிலை வாராதென்று எவர் உறுதி கூற வல்லார்?

இங்கே ஒரு துயரையும் கூறவேண்டும். 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் அயற்பகுதிகளிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பல்லாயிரவர் வடக்கே சென்றனர். மேலும் பலர் கடல் கடந்தனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று 'சுராங்கனி'க்கு ஆடுகின்றனர். மீன்காரனின் கூவலை அப்பிள்ளைகள் கேட்டதில்லை. மதிலுக்கு மேலாக இரு வீட்டுப் பெண்கள் இரு மொழி கலந்து பேசியதையும் கண்டதில்லை. ஒருவர் மொழியை மற்றவர் கேலியாகவும் உரிமையோடும் வாயிலிட்டு வழங்கிய ஒரு காலம் இருந்தது என்பதற்கு அப்பாட்டின் சொற்கள் சான்று கூறுகின்றன. பொருள் மறைந்தால் சான்றும் மறையும். எஞ்சுவது தாளம் ஒன்றே.

கலப்புச் சொற்களைக் களைந்து பாட்டைத் தூய்மை செய்யலாம் என்பாரும் உளர். கட்டுரையிலும் பாடநூலிலும் தூய தமிழ் வேண்டும் என்பதில் கருத்துவேறுபாடு இல்லை. ஆனால் கதிரை, அலுமாரி, குசினி, சப்பாத்து முதலிய போர்த்துக்கேயச் சொற்களும், கந்தோர் என்னும் ஒல்லாந்தச் சொல்லும் வீடுதோறும் புழங்கும் நாடு இது. அவ்வாழ்க்கையிலிருந்து எழுந்த பாட்டிலே 'மாலு'வை நீக்கி மீனை வைத்தால், மீன் இருக்கும்; கொழும்பு இராது.

ஆகவே செய்யத்தக்கது எளியது. மனோகரன் 2018ஆம் ஆண்டில் மறைந்தார். அக்காலப் பாட்டுக்களைக் கேட்டு வளர்ந்தோர் பலர் இன்றும் நம்மிடையே உளர். பாமன்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள வீடுகளில், மாணவர் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டன் பாட்டியரிடம் அமரலாம். பாட்டில் வரும் புரியாத சொல் ஒவ்வொன்றையும் கேட்டு, பொருளோடு, அது வழங்கிய இடத்தையும், வழங்கியவர் யாரென்பதையும் எழுதிவைக்கலாம். சிங்களச் சொல்லாயின் அயல்வீட்டாரையும் கேட்டல் நன்று. கேட்கச் செல்லும் வழியிலே பழைய அயலுறவு ஒன்று மீண்டும் துளிர்க்கவும் கூடும். பெரியவர்களும், பிள்ளைகள் கேட்கட்டும் என்று காத்திராமல், வானொலியில் அப்பாட்டு வரும்போது ஒரு சொல்லையாவது விளக்கிச் சொல்வார்களாக.