வானத்துக்கும் வரவு செலவு உண்டு!

(பட்டிமன்றத் தலைப்பு: தொழிலை நிமிர்த்துவது கனவா? கணக்கா? 'கணக்கே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் கனவு, கனவு என்று மேலே பறந்தே போய்விட்டார்கள். கீழே இறக்கத்தான் நடுவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். (சிரிப்பு)

நான் சிதம்பரத்துக்காரன். பஞ்சபூதத் தலங்களில் எங்கள் ஊர் ஆகாயத் தலம். அதனால் ஆகாயத்தை எனக்குப் புதிதாகக் காட்ட வேண்டாம். ஆனால் அந்த ஆகாயத்தில் ஒரு விமானத்தை ஓட்டி, அதில் கடலூர்க்காரரை ஏற்றி, மறுநாளும் ஓட்ட வேண்டுமே! அதற்குக் கனவு மட்டும் போதுமா?

அம்மையார் 'சூரரைப் போற்று' படத்தைச் சொன்னார்கள். 2020-ல் வந்த படம். நானும் கண் கலங்கித்தான் பார்த்தேன். அதற்கு மூலமானவர் கேப்டன் கோபிநாத். 2003-ல் ஏர் டெக்கான் விமானங்களை விட்டார். தொடக்கத்தில் ஐம்பது பேர்கூட ஏற முடியாத சின்ன விமானங்கள். பெட்ரோல் பங்கில்கூட டிக்கெட் விற்றார். சில டிக்கெட்டை ஒரு ரூபாய்க்குக் கொடுத்தார். உள்ளே இலவசச் சாப்பாடு கிடையாது. அம்மா, இதெல்லாம் கனவா? சாப்பாட்டுச் செலவை வெட்டி டிக்கெட் விலையைக் குறைத்தாரே, அது கணக்கு! (கைதட்டல்)

விமானம் ஜனங்களோடு பறந்தது, படம் முடிந்தது, நாமும் எழுந்து வந்துவிட்டோம். ஆனால் கணக்கு அங்கேதானே ஆரம்பிக்கிறது? வேகமாக ஊர் ஊராக விரித்தார்கள். நஷ்டமும் கூடவே விரிந்தது. 2007-ல் கிங்ஃபிஷர் உள்ளே வந்தது. 2008-ல் டெக்கான் என்ற பெயரையே மாற்றினார்கள். 2012-ல் கிங்ஃபிஷரும் தரையில் உட்கார்ந்துவிட்டது. மாதக்கணக்கில் சம்பளம் வராமல் ஊழியர்கள் நின்றார்களே, அவர்கள் வீட்டு அடுப்பு கனவிலா எரியும்?

நம்ம சென்னையிலிருந்து 1990-களில் என்.இ.பி.சி. என்று ஒரு தனியார் கம்பெனி பறந்தது. சின்ன ஃபோக்கர் விமானங்களோடு தொடங்கியது. 1995-ல் டமானியா என்ற இன்னொரு கம்பெனியையும் வாங்கியது. 1997-ல் எல்லாம் நின்றுபோனது.

ஏன் இப்படி ஆகிறது? கோயில் வாசலில் பூக்காரம்மா இருக்கிறார். இன்றைக்கு மிஞ்சிய பூவை நாளைக்குப் பாதி விலைக்காவது தள்ளிவிடுவார். காலியாகப் பறந்த சீட்டை நாளைக்கு விற்க முடியுமா? நாற்பது பேர் ஏறினாலும் நாலு பேர் ஏறினாலும் பைலட் சம்பளம் ஒன்றுதான். இறங்குகிற கட்டணம் ஒன்றுதான். எரிபொருளும் ஏறக்குறைய ஒன்றுதான். இதைப் போட்டுப் பார்க்காதவன் பறக்கலாம், நிலைக்க முடியாது.

இப்போது நம்ம ஜில்லாவுக்கே வருகிறேன். நெய்வேலியில் ஓடுதளம் இருக்கிறது. 2017-ல் மத்திய அரசின் உடான் திட்டம் வந்தது. அப்போது சுமார் ஒரு மணி நேரப் பயணம் 2,500 ரூபாய்; பாதி சீட்டை அந்த விலைக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. நஷ்டத்துக்கு மூன்று வருஷம் மானியம். நெய்வேலி–சென்னை வழித்தடம் ஏர் ஒடிசா என்ற சின்னக் கம்பெனிக்குப் போனது. மாமியார் முதல் மருமகள் வரை எல்லாரும் கனவு கண்டோம். அந்தக் கம்பெனி விமானம் வந்ததா? வரவே இல்லை! முதல் சுற்றில் அது எடுத்த வழித்தடங்கள் ஐம்பது. கையில் இருந்த விமானங்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐம்பது கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒரே அண்டாவோடு வந்த சமையல்காரர் கதை! (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து வருகிறவர் வ.உ.சி.யைச் சொல்வார். நானே சொல்லிவிடுகிறேன். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பெருக்கிப் பாருங்கள், பத்து லட்சம்! கணக்குப் போடாமலா அந்த மனிதர் கடலில் இறங்கினார்? போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பார்கள். அப்படியும் அசையாதவரை 1908-ல் சிறையில் தள்ளித்தான் கம்பெனியைச் சாய்த்தார்கள்.

வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். வருகிற வழி சிறிதானாலும் கேடில்லை, போகிற வழி அதைவிட அகலாமல் இருந்தால் போதும் என்றார். சின்ன விமானக் கம்பெனி வாசலில் எழுதி மாட்ட வேண்டிய வார்த்தை!

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். கணக்கு என்றால் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். டிக்கெட் எடுத்தவனை நம்பிக்கையோடு ஊர் சேர்க்கிறதும், உழைத்தவனுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுக்கிறதும்தான் கணக்கு. கனவு ஒருவரை மேலே ஏற்றும். அவரை நம்பி ஏறிய நூறு பேரைப் பத்திரமாக இறக்குவது கணக்கே, கணக்கே என்று சொல்லி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.