கூரைக்குத் தகரம் வாங்குமுன்



லயத்துக் கூரை ஒழுகினால் மானேஜரிடம் போய் நின்றோம். சொந்த மனையில் வீடு கட்டினால் கணக்கு நம்முடையது. நம் தோழர் ஒருவர் 30 அடிக்கு 20 அடி வீடு கட்டினார். தரையை அளந்தார், 600 சதுர அடி. ஏழடித் தகரம், அகலத்தில் 2 அடி மூடும் என்று 43 தகரம் வாங்கிவிட்டார். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் ஓர் ஓரம் ஏறியதும் தீர்ந்தது. மழைக்காலம் வேறு! வட்டிக்கு வாங்கித்தான் மீதியை முடித்தார்.

தரை தட்டையாகக் கிடக்கிறது. கூரையோ சாய்ந்து, சுவரையும் தாண்டி நீள்கிறது. நாற்புறமும் 2 அடி நீட்டினால் அவர் கூரையின் நீளம் 34 அடி. நடு முகட்டுக்கு நேர் கீழிருந்து கூரை ஓரம்வரை 12 அடி. முகடு ஓரத்தைவிட 5 அடி உயர்ந்தால் சாய்வு 13 அடி. நம்பாதவர் கயிறு பிடித்து அளக்கலாம்.

ஏழடித் தகரம் இரண்டை 1 அடி ஏற்றிப் போட்டால் அந்த 13 அடி வரும். பக்கவாட்டில் ஏறியது போக 2 அடி மூடினால் வரிசைக்கு 17. ஒரு சாய்வுக்கு 34, இரண்டுக்கும் 68. அகலம் கடைக்குக் கடை மாறும்; இரண்டை அடுக்கி அளந்து பாருங்கள். முகட்டுத் தகரம் தனி: ஆறடித் துண்டை அரை அடி ஏற்றினால் 7 வேண்டும். ஆணியை மேட்டில் அடியுங்கள். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அவ்வழியே இறங்கும்.

கிராணி நண்பர்களே, வீடு கட்டும் தோழர் கடைக்குப் போகுமுன் ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து இக்கணக்கைப் போட்டுக்கொடுங்கள்.