பழைய கடைத்தெரு மீண்டும் தளிர்க்க



மாதம் ஒருமுறை சாமான் வாங்கப் பட்டணத்துக்குப் போகிறோம். ஊர் நடுவிலுள்ள பழைய கடைத்தெருவில் பல கதவுகள் மூடிக் கிடக்கின்றன. சுவர் வெடிப்பில் ஆலஞ்செடி முளைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே உள்ள பேரங்காடியிலோ கூட்டம் அலைமோதுகிறது. நகரத்தின் நடுப்பகுதி ஏன் இப்படித் தேய்கிறது? அதைத் தளிர்க்கச் செய்ய வழியுண்டா? பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரைக் கொண்டு இதை ஆராய்வோம்.

1786இல் தோன்றிய அந்நகரம் தீர்வையில்லாத் துறைமுகமாக வளர்ந்தது. துறைமுகத்தை ஒட்டிக் கடைவீடுகள் எழுந்தன. கீழே வியாபாரம், மேலே குடும்பம். நம்மவர்களும் அங்கே வேரூன்றினார்கள். குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது.

1969இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற சலுகை நீங்கியது, வியாபாரம் சுருங்கியது. 1970களில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் பெருகின. வேலை இருக்கும் திசையில் புதிய வீடுகள் எழுந்தன. இளையோரும் அங்கே சென்றனர்.

வாடகையும் ஒரு காரணம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உயர விடாமல் தடுத்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அது நிழலாயிற்று. ஆனால் சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர் பலர் பழுது பார்க்கவில்லை. கூரை ஒழுகியது, உத்தரம் உளுத்தது.

1997இல் அச்சட்டத்தை நீக்க முடிவாகி, 1999 இறுதியோடு கட்டுப்பாடு முடிந்தது. வாடகை திடீரென ஏறியது. கொடுக்க இயலாதவர்கள் வெளியேறினர். காலியான சில வீடுகளில் மனிதருக்குப் பதிலாக, கூட்டுக்காக உழவாரக் குருவிகள் குடியேற்றப்பட்டன! வாடகை உறைந்து நின்றபோது வீடு கெட்டது. ஒரேயடியாக உயர்ந்தபோது குடி கலைந்தது.

2008இல் யுனெஸ்கோ, மலாக்காவோடு ஜார்ஜ்டவுனையும் உலக மரபு நகராக அறிவித்தது. மரபுப் பகுதியிலிருந்து குருவி வளர்ப்பை அகற்ற மாநில அரசு நடவடிக்கை எடுத்தது. 2009இல் தோன்றிய திங்க் சிட்டி நிறுவனம், பழுது பார்க்கும் செலவில் ஒரு பங்கை மானியமாக வழங்கியது. பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. அது ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும். இந்த வேலை தெரிந்த கொத்தனாருக்கு மீண்டும் மதிப்பு வந்தது. 2010 முதல் கலைவிழா, 2012இல் சுவரோவியங்கள் என விருந்தினரை ஈர்க்கும் காரியங்களும் நடந்தன. மூடிய கதவுகள் பல திறந்தன.

ஆனால் கூட்டம் வந்ததும் வாடகை மறுபடியும் ஏறியது. குடும்பம் வாழ்ந்த சில வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. 2020இல் கொள்ளை நோயால் பயணம் நின்றபோது, விருந்தினரை மட்டும் நம்பிய கடைகளின் கதி என்ன? வியாபாரம் இல்லாமல் தவித்தன. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அரிசி, பருப்பு வாங்கும் கடைக்கோ வாடிக்கை இருந்தது.

ஆகவே, நேயர்களே, நகரத்தின் உயிர் அதன் சுவரில் இல்லை. அங்கே உறங்கி எழும் மக்களிடம் இருக்கிறது. ஆளை வெளியேற்றாமல் வீட்டைப் பழுது பார்க்க வேண்டும். வாடகை படிப்படியாக உயர வேண்டும்; ஒப்பந்தம் நீண்ட காலத்துக்கு எழுத்தில் இருக்க வேண்டும். பூக்கடையும் தையற்கடையும் விடுதியோடு சேர்ந்து நிலைக்க வேண்டும். வாழ்ந்த லயத்தை விட்டுப் பெயர்ந்த அனுபவம் உள்ள நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு வட்டாரத்துக்கான திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கவும் வழியுண்டு. உங்கள் ஊர்த் திட்டம் நகராண்மைக் கழகத்தில் வைக்கப்படும்போது நேரில் போய்ப் பாருங்கள். படித்த பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். "இந்தத் தெருவில் இப்போது குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்?" என்று கேளுங்கள், உங்கள் கருத்தை எழுத்தில் கொடுங்கள்.