காலி உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள்



"நல்லாத்தானே ஓடுது, காலையில பார்த்துக்கலாம்." நாய் சாக்லேட்டைத் தின்றுவிட்ட வீடுகளில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுகிறார். இரவு ஒன்பது மணி இருக்கும். பிறந்தநாள் கேக் வெட்டி, விருந்தாளிகளை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினால், மேசைமேல் இருந்த பெட்டி தரையில் கிடக்கும். நாயோ வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். சாக்லேட் நஞ்சின் அறிகுறிகள் வெளியே தெரிய இரண்டு மணி நேரம் ஆகலாம். சில நாய்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். நாய் நன்றாக இருப்பதாக நாம் நினைக்கிற அந்த இடைவெளிதான் மருத்துவர் சுலபமாக வேலை செய்யக்கூடிய நேரம். அதைத் தூங்கிக் கழித்துவிடுகிறோம்.

கோகோ விதையில் தியோபுரோமின் என்று ஒரு பொருள் இருக்கிறது. காபியில் உள்ள கஃபீனுக்கு நெருங்கிய சொந்தம். நாம் சாப்பிட்டால், அதில் பாதி ஆறு முதல் பத்து மணி நேரத்துக்குள் உடலில் கரைந்துவிடும். நாயின் கல்லீரலுக்கு அந்த வேகம் கிடையாது. பாதி குறையவே சுமார் பதினேழரை மணி நேரம் எடுக்கும். அதுவரை அந்தப் பொருள் இதயத்தையும் நரம்புகளையும் விடாமல் முடுக்கிக்கொண்டே இருக்கும். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, ஓயாத தாகம். பிறகு ஓரிடத்தில் நிற்காமல் உலாத்தும், மூச்சு வாங்கும், நாடி எகிறும். முற்றினால் உடம்பு நடுங்கி வலிப்பு வரும், உயிரும் போகலாம். பூனைக்கும் இது நஞ்சுதான். ஆனால் பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது என்பதால் அது பெரும்பாலும் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"போன வாரம் ஒரு துண்டு கொடுத்தேனே, ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. எந்தச் சாக்லேட், எவ்வளவு, நாயின் எடை என்ன என்ற மூன்றும் சேர்ந்துதான் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் போனால் வாந்தியும் பதற்றமும் தொடங்கும். 40, 50 என்று ஏறினால் இதயம் தடுமாறும். 60ஐத் தொட்டால் வலிப்பு.

இனி கணக்குப் போடலாம். பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம். 30 கிலோ லாப்ரடார் 50 கிராம் பட்டையை விழுங்கினால் கிலோவுக்கு மூன்று, மூன்றரைதான் தேறும். வயிறு கெடலாம், அவ்வளவே. டார்க் சாக்லேட்டில் கிராமுக்கு 5 அல்லது அதற்கும் மேல். மூன்று கிலோ பொமரேனியன் அதில் 30 கிராம் தின்றாலே கிலோவுக்கு 50ஐ எட்டிவிடும். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது கேக்குக்காக வாங்கி வைக்கும் கோகோ பவுடர். கிராமுக்குச் சுமார் 20 மில்லிகிராம் அல்லது அதற்கும் மேல். பத்துக் கிலோ நாய்க்கு 25 கிராமே ஆபத்து. வெள்ளைச் சாக்லேட்டில் தியோபுரோமின் இல்லை என்றே சொல்லலாம், கொழுப்புதான் அதிகம்.

பிரிட்டனில் 2012 முதல் 2017 வரை 229 கால்நடை மருத்துவமனைகளின் பதிவுகளை லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தார்கள். நாய் சாக்லேட் தின்று மருத்துவரிடம் வருவது கிறிஸ்துமஸ் சமயத்தில் மற்ற நாள்களைவிட நான்கு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. ஈஸ்டரிலும் ஏறக்குறைய இரு மடங்கு. பரிசுப் பெட்டிகள் வீட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் நாள்கள் அவை. நம் வீடுகளில் அதைத் தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஊட்டிப் பயணம் முடிந்து வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே எடை போட்டு வாங்கும் வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட்டில் கோகோ எவ்வளவு என்று எழுதியிருக்காது. பலவற்றில் உலர்திராட்சையும் கலந்திருக்கும். அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய தனி நஞ்சு.

சரி, தின்றுவிட்டது. என்ன செய்வது? மிச்சத்தை உடனே அப்புறப்படுத்துங்கள். உறையை எடுங்கள், குப்பைக்கூடையில் கிடந்தாலும் எடுங்கள். உறையில் கோகோ எத்தனை சதவீதம், மொத்தம் எத்தனை கிராம் என்று இருக்கும். உறை இல்லாத பண்டமானால் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, நாயின் எடை, தின்ற பண்டம், குத்துமதிப்பான அளவு, கடைசியாக அது எதுவும் தின்னாமல் இருந்ததைப் பார்த்த நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு நாய்கள் இருந்து, தின்றது எதுவென்று தெரியவில்லையா? ஒவ்வொன்றும் முழுவதையும் தின்றதாகவே கணக்கு வைக்க வேண்டும். உறையையும் சேர்த்து விழுங்கியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அது குடலை அடைக்கலாம். சர்க்கரை இல்லாத சாக்லேட் என்றால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். அதில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருந்தால், நாயின் ரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்திலேயே சரியக்கூடும்.

இதற்குள் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். உப்புத் தண்ணீர் புகட்டு என்பது அதில் முதலாவது. தயவுசெய்து வேண்டாம். ரத்தத்தில் உப்பு ஏறினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். தொண்டையில் விரலை விட்டால் கடிதான் மிஞ்சும். வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். பால் கொடுத்தால் நஞ்சு முறியும் என்பதும் வெறும் பேச்சு. ஏற்கெனவே நடுங்குகிற அல்லது சோர்ந்துவிட்ட நாயை வாந்தி எடுக்க வைக்க முயல்வது இன்னும் ஆபத்து. வாந்தி எடுக்க வைக்கத்தான் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அவரிடம் அதற்கென்றே ஊசி இருக்கிறது. தின்று ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். சாக்லேட் இரைப்பையில் உருகிக் கட்டியாக ஒட்டிக்கொள்வதால், சற்றுத் தாமதமாகப் போனாலும் பலன் இருக்கும். பிறகு நஞ்சை உறிஞ்சுகிற மருந்துக்கரியைக் கொடுப்பார், டிரிப்ஸ் ஏற்றுவார், நாடியையும் வலிப்பையும் அடக்க மருந்துகள் உண்டு. தியோபுரோமினுக்கென்று மாற்றுமருந்து எதுவும் கிடையாது. அது வெளியேறும்வரை நாயைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. நாயை அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிப்போகச் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். சிறுநீர்ப்பையில் தேங்கும் தியோபுரோமின் அதன் சுவர் வழியாக மறுபடியும் ரத்தத்துக்குள் போய்விடும்.

கடுமையாகப் பாதித்திருந்தால் மூன்று நாள்வரை நஞ்சின் வேகம் இருக்கலாம். சாக்லேட்டின் கொழுப்பால் கணையம் வீங்கும் வாய்ப்பும் உண்டு. அது ஓரிரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். வீட்டுக்கு வந்த பிறகு, பாவம் பட்டினி கிடந்ததே என்று கறிச்சோறு வைக்காமல், மருத்துவர் சொன்ன கொழுப்பில்லாத உணவையே கொடுங்கள். மறுபடி வாந்தி வந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு முதுகை வளைத்து நின்றாலோ, விடியட்டும் என்று இருக்காமல் திரும்பவும் அழைத்துப் போங்கள்.