இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டால்



அரசாங்கக் கடிதம் ஒன்று வீட்டுக்கு வந்தால், அதைக் கிராணியாரிடமோ பள்ளியில் படிக்கும் பிள்ளையிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்வது நம்மிடையே உள்ள வழக்கம். "கிடைக்காது என்று எழுதியிருக்கிறது" என்ற பதில் வந்ததும், கடிதத்தை மடித்துச் சுவாமி படத்தின் பின்னே செருகிவிடுகிறோம். அத்தோடு அந்த விஷயத்தையும் மறந்துவிடுகிறோம். சொக்சோ, அதாவது பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடமிருந்து வரும் மறுப்புக் கடிதத்துக்கு அந்தக் கதி நேரக்கூடாது. அது கிடைத்த நாள் முதல் நமக்கு ஒரு தவணை ஓடத் தொடங்குகிறது.

முற்காலத்தில், 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி, வேலையில் காயம் பட்டவருக்கே ஒரு தொகை கிடைத்து வந்தது. வேலையோடு சம்பந்தமில்லாத நோயால் படுத்தவருக்கு அச்சட்டத்தில் இடமில்லை. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இக்குறையைப் போக்க வந்தது. 1971-இல் சொக்சோ தொடங்கப்பட்டது. இயலாமைத் திட்டத்துக்குத் தொழிலாளியும் முதலாளியும் சரிபாதியாகச் சந்தா செலுத்துகின்றனர். ஆகவே இந்த ஓய்வூதியம் யாரும் இடும் தருமமன்று. நம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடித்த பணத்தால் நாம் தேடிக்கொண்ட உரிமையாகும்.

இயலாமை என்று சட்டம் எதனைச் சொல்கிறது? குணமாகாத நோயினாலோ ஊனத்தினாலோ, உடல்நலமுள்ள ஒரு தொழிலாளி வழக்கமாகப் பெறும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட முடியாத நிலையையே சொல்கிறது. அந்நிலை 60 வயதுக்கு முன் நேர்ந்திருக்க வேண்டும். இங்கே நோயின் பெயரைவிட, அந்நோய் நம் உழைப்பை எவ்வளவு தூரம் பறித்துவிட்டது என்பதே முக்கியம்.

மறுப்பு இரு வகைப்படும். எந்த வகை என்று அறிந்துகொள்வதே முதல் வேலை.

முதல் வகை, சந்தாக் கணக்கினால் வரும் மறுப்பு. மனுச் செய்யும் மாதத்துக்கு முந்திய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா கட்டியிருந்தால் முழுத்தகுதி உண்டு. இக்கணக்கு மனுச் செய்யும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவதைக் கவனிக்க வேண்டும். நோயினால் வேலையை விட்டு 17 மாதம் வீட்டிலிருந்த பிறகு ஒருவர் மனுச் செய்தால், எஞ்சியவை 23 மாதங்களே. இருபது ஆண்டுகள் உழைத்தவராயினும் இந்தக் கணக்கில் அவர் தவறிவிடுகிறார். ஆயினும் அவர் மனம் தளர வேண்டியதில்லை. முதன்முதல் சந்தா கட்டவேண்டியிருந்த நாளிலிருந்து மனுச் செய்த நாள்வரை உள்ள மாதங்களில் மூன்றில் இரு பங்குக்குச் சந்தா இருந்தாலும் முழுத்தகுதி உண்டு. மூன்றில் ஒரு பங்கு இருந்தால் குறைந்த ஓய்வூதியத்துக்கு வழியுண்டு. இரண்டிலும் மொத்தச் சந்தா 24 மாதங்களுக்குக் குறையக் கூடாது. சம்பளச் சீட்டில் சந்தா பிடித்திருந்து, சொக்சோ கணக்கில் அது காணப்படாவிட்டால், சீட்டுகளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். சந்தாவைச் செலுத்தாமலிருப்பது முதலாளியின் குற்றமாகும்.

இரண்டாம் வகை, மருத்துவ மறுப்பு. மனுச் செய்தவரை 'ஜெமா டோக்டர்' என்னும் மருத்துவக் குழு பரிசோதிக்கிறது. கடிதத்தில் 'தீடாக் ஈலாட்' என்ற சொற்கள் இருந்தால், இயலாமை இல்லை என்று அக்குழு முடிவு செய்திருப்பதாகப் பொருள். இம்முடிவை எதிர்த்து 'ஜெமா டோக்டர் ராயுவான்' என்னும் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் 90 நாட்களுக்குள் முறையிடலாம். வேலை விபத்தில் ஏற்பட்ட ஊனத்தின் விகிதம் குறைவாக மதிப்பிடப்பட்டதாகக் கருதுவோருக்கும் இதே வழி உண்டு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலை வெட்டும் தோழர் ஒருவருக்கு முதுகுத்தண்டு பழுதாகிவிட்டது. குழுவின் முன் "முதுகு வலிக்கிறது, ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார். வலி எல்லோருக்கும் உண்டே! நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடிக்க முடியவில்லை, குலையைத் தூக்க முடியவில்லை, அரைமணி நேரம் நிற்கவோ உட்காரவோ முடியவில்லை, இலகுவான வேலைக்கு மாற்றியும் அதையும் செய்ய இயலவில்லை என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். மேல்முறையீட்டில் இவற்றையே எழுத வேண்டும். அவற்றோடு சிகிச்சை தரும் நிபுணரின் புதிய அறிக்கை, எக்ஸ்ரே படங்கள், மருத்துவ விடுப்புச் சீட்டுகள், அவர் செய்து வந்த வேலையைப் பற்றித் தோட்ட நிர்வாகம் தரும் கடிதம் ஆகியவற்றை இணைத்தல் நலம். "எனக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இவை பன்மடங்கு பலன் தரும். ஆஸ்பத்திரி அறிக்கை கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாமாதலால், அதற்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

நேர்ந்த விபத்து வேலை விபத்தா, இல்லையா என்பன போன்ற வழக்குகளை மருத்துவர்கள் தீர்ப்பதில்லை. அவை சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குச் செல்லும். அங்கிருந்து சட்டப் பிரச்சினையை மட்டும் உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம்.

உடற்குறையுடையோருக்கான ஓகேயூ அட்டை இருந்தால் ஓய்வூதியம் தானாக வரும் என்று சிலர் எண்ணுகின்றனர். அட்டை வேறு, சொக்சோ முடிவு வேறு. மாறாக, ஓய்வூதியம் மறுக்கப்பட்டதால் வாழ்வே முடிந்ததென்று கலங்கவும் வேண்டாம். மீண்டும் வேலைக்குத் திரும்பச் செய்யும் திட்டத்தை சொக்சோ 2007-இல் தொடங்கியது. மலாக்காவில் மறுவாழ்வு மையமும் இருக்கிறது. பார்வை இழந்தோருக்குப் பயிற்சியளிக்க, 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்கி வருகிறது.

தோழர்களே! சம்பளம் வாங்கியதும் சாமான் வாங்கக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போய் வருகிறோம். அங்ஙனம் போகும் வாரநாள் ஒன்றில், கிள்ளான் சொக்சோ அலுவலகத்துக்கும் ஒரு நடை சென்று வருவது கடினமன்று. மலாய் மொழி தடையானால் தொழிற்சங்கக் கிளைத் தலைவரையோ படித்த பிள்ளையையோ துணைக்கு அழைத்துச் செல்லலாம். கடிதம் கிடைத்த தேதியை உறையின் மேல் எழுதி வைப்போம். கொடுக்கும் தாள் ஒவ்வொன்றுக்கும் பிரதி எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வைப்போம்.

அண்டை வீட்டில் அப்படியொரு கடிதம் சுவாமி படத்தின் பின்னே கிடக்கிறதா என்று இன்று மாலையே விசாரிப்போம். 90 நாள் இன்னும் கழியாமலிருக்கலாம்.