தலைமைக்கு ஒரு பயிற்சி

(மானாம்பதியில் ஊராட்சி உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஊராட்சிப் பொறுப்பை ஏற்பவர்களுக்குத் தலைமையைக் கற்பிப்பது எவ்வாறு என்பது பற்றிச் சிந்திக்கக் கூடியிருக்கிறோம். சட்டத்தையும் கணக்கையும் நூல்களால் கற்கலாம். ஆனால், ஒரு காரியத்தைப் பலருடைய இடத்தில் நின்று பார்க்கும் பழக்கம் நூலால் மட்டும் வருவதன்று. அதற்கான பாடத்தை நமக்கு அண்மையில், உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே நம் முன்னோர் வெட்டி வைத்திருக்கின்றனர்.

முதற் பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டுக்கள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையைப் பெருமையோடு சொல்லும் நாம், ஓலை எடுத்த பின்னர் நடந்ததை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. 30 குடும்புகளுக்கும் 30 பேர் தேர்வாயினர். அவர்களுள் முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்கள் ஆகிய 12 பேரை ஆண்டு வாரியத்தில் அமர்த்தினர். எஞ்சியோரில் 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். ஏரிக்கரையில் நின்றும் தோட்டத்தில் நின்றும் ஊரைப் பார்த்தவனுக்கே ஊர் முழுவதையும் பார்க்கும் பொறுப்பில் முதலிடம்! இதைவிடச் சிறந்த பயிற்சித் திட்டம் வேறென்ன வேண்டும்?

மாற்றத்திற்கும் அவர்கள் அஞ்சவில்லை. 919இல் 30 முதல் 60 வரை என வகுத்த வயது வரம்பை, 921இல் 35 முதல் 70 வரை என்று திருத்தினர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தேர்வுக்கு வரலாகாது என்றும் விதித்தனர். அரசனுடைய அதிகாரி உடனிருந்தார். ஆயினும் தீர்மானம் சபையாருடையது.

எனினும், அச்சபையில் நிலமில்லாதவருக்கு இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை. மறை கற்ற நிலவுடைமையாளரின் கண்களே அங்கே ஊரைக் கண்டன. இன்று வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் நம் மாநிலத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியதாயிற்று. பார்வைகள் பெருகிவிட்டன, அவற்றைக் கேட்கும் பழக்கமும் பெருக வேண்டாமா?

ஏரியைத் தூர் வார ஒரு தீர்மானம் வருகிறது என்று கொள்வோம். மதகடியில் நிலமுள்ளவருக்கு இருக்கும் நீரே போதும். கடைமடைக்காரருக்கோ கால்வாய்தான் முதற் கவலை. கரையோரம் செங்குத்தாக வெட்டினால் மாடு எப்படி இறங்கும் என்பார் கால்நடை வளர்ப்பவர். ஏரியின் ஊற்றை நம்பிய குடிநீர்க் கிணற்றைத் தாய்மார்கள் நினைப்பார்கள். வேலை இயந்திரத்திற்கா, எங்கள் கைகளுக்கா என்று கூலித் தொழிலாளி கேட்பார். அதிகாரிகளின் மதிப்பீடும் இப்பார்வைகளுள் ஒன்றே. ஒரு குரலை விட்டுவிட்டாலும், தீர்மானம் ஏட்டில் நிறைவேறும், ஏரியில் நிறைவேறாது.

ஆகவே நாம் நான்கு பழக்கங்களை மேற்கொள்ளலாம். முதலாவது, தீர்மானத்திற்கு முன் உறுப்பினர் அனைவரும் மதகிலிருந்து கடைமடை வரை ஒருமுறை சேர்ந்து நடப்பது. இரண்டாவது, கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் கட்சியைச் சொல்லுமுன், மாற்றுக் கட்சியினரின் குறையை அவர்களே “ஆம், அதுதான்” என்று ஒப்புமாறு எடுத்துச் சொல்வது. மதகடிக்காரர் கடைமடைக்காக வாதாடட்டும். கடைமடைக்காரர் மதகடிக்காக வாதாடட்டும். மூன்றாவது, வேளாண்மை, பணிகள், கல்வி முதலிய குழுக்களில் உறுப்பினர்கள் மாறி மாறிப் பணியாற்றுவது. நான்காவது, செய்த மாற்றத்தை ஓராண்டு கழித்துக் கிராம சபையில் மீண்டும் ஆராய்ந்து, வேண்டின் திருத்துவது.

இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு இல்லை, பொறுமைதான் செலவு. இப்பயிற்சியைப் பெற்ற ஊரில், தலைவர் மாறினாலும் தலைமை மாறாது. அடுத்த கிராம சபைக்கு முன்பே, நம் ஊர் மதகிலிருந்து இந்த நடையைத் தொடங்குவோம்.